சர்வரில் உள்ள விலைக் கோப்பை வலைப்பக்கத்திலிருந்து மாற்றுதல்: எழுதும் முறை, பூட்டு, பதிப்பு எண்

ஒரு மொத்தக் காய்கறிக் கடையின் அன்றாட விலைப்பட்டியல் இது. சுமார் 140 சரக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண், பெயர், கிலோவா கட்டா மூட்டையா என்ற அலகு, விலை, கடைசியாக மாற்றிய நேரம். எல்லாம் சர்வரில் ஒரே ஜேசன் கோப்பில் (தரவை எழுத்து வடிவில் அடுக்கும் முறை) இருக்கின்றன. வாங்குபவர்கள் போனில் பார்க்கும் பக்கம் அந்தக் கோப்பை எடுத்துக் காட்டும். திருத்துவதற்குத் தனிப் பக்கம் உண்டு. விடியற்காலையில் சரக்கு இறங்கும்போது கடையில் இருவர் ஆளுக்கொரு போனில் அதைத் திறந்து விலை போடுவார்கள்.

இந்த வேலைக்குள் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. படிப்பவர் கண்ணில் பாதி எழுதிய கோப்பு படக் கூடாது என்பது ஒன்று. ஒருவர் போட்ட விலையை இன்னொருவர் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்பது மற்றொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றதைத் தீர்க்காது. பரவலாகக் கிடைக்கும் மாதிரி நிரல்கள் இரண்டையும் ஒரே வரியில் முடித்துவிட்டதுபோல் காட்டுகின்றன. வேலை கெடுவது அங்கேதான். இப்போது இது ஒழுங்காக ஓடுகிறது. எந்த வரிசையில் கட்டினோமோ, எது எங்கே உடைந்ததோ, அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

சாமான்கள்: 1 ஜிபி நினைவகம் கொண்ட சிறிய விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்), மாத வாடகை 500 ரூபாய் அளவில். அதில் அல்மாலினக்ஸ் 9 இயங்குதளம், பக்கங்களைக் கொடுக்கும் வலைச்சர்வர் என்ஜின்எக்ஸ், பிஹெச்பி நிரலை ஓட்டும் பிஹெச்பி-எஃப்பிஎம் 8.1. எழுதிப் பார்த்த கணினியில் உபுண்டு 22.04, அதே பிஹெச்பி 8.1. சோதனைக்குக் கோரிக்கை அனுப்பும் கர்ல், பலவற்றை ஒரே நேரத்தில் ஓட்டும் எக்ஸ்ஆர்க்ஸ், ஜேசனைப் படித்துப் பார்க்கும் ஜேகியூ. மென்பொருளுக்குச் செலவு இல்லை. டேட்டாபேஸ் வைக்காததற்குக் காரணம் எளிது: கோப்பு 20 கேபிக்குள் அடங்கும், படிப்பவர்கள் பல பேர், எழுதுபவர்கள் இரண்டு பேர். படிக்கும் பக்கத்துக்கு பிஹெச்பி தேவையே இல்லை. என்ஜின்எக்ஸ் கோப்பை நேராகக் கொடுத்துவிடும்.

கோப்பு இருக்கும் இடம்

தரவுக் கோப்பை இணையதளத்தின் பொது டைரக்டரிக்குள் வைக்கக் கூடாது. அதற்குப் பக்கத்தில் தனி டைரக்டரி போட்டு, அதற்குள் விலைக் கோப்பு, பூட்டுக் கோப்பு, பழைய பிரதிகளுக்கான உள்டைரக்டரி மூன்றையும் வைத்தோம். வெளியே தெரிய வேண்டியது விலைக் கோப்பு மட்டும் என்பதால், என்ஜின்எக்ஸில் சமக்குறி போட்ட லொகேஷன் (ஒரு முகவரிக்கான விதி) ஒன்றை எழுதி, அந்த ஒரு முகவரியை அந்த ஒரு கோப்புக்கு மட்டும் ஆலியாஸ் செய்தோம். பிரதிகள் இருக்கும் டைரக்டரிக்கு வெளியிலிருந்து வழியே கிடையாது.

கோப்பின் பெயரைப் பிரவுசரிலிருந்து வாங்கவே கூடாது. பெயர் நிரலுக்குள் நிலையாக இருக்கட்டும். "எந்தக் கோப்பு" என்று கோரிக்கையிலிருந்து எடுக்கும் நிரலுக்கு இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்த்து அனுப்பினால் மேலே உள்ள டைரக்டரிக்குப் போய்விடலாம்.

அனுமதிகளில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கீழே சொல்லப்போகும் முறையில் பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. புதுக் கோப்பை அதன் பெயருக்கு மாற்றுகிறோம். அப்படிச் செய்ய வேண்டிய எழுதும் அனுமதி கோப்பின்மேல் அல்ல, டைரக்டரியின்மேல். எனவே டைரக்டரியின் உரிமையாளர் பிஹெச்பி ஓடும் பயனராக இருக்க வேண்டும்: உபுண்டுவில் அது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, அல்மாவில் பிஹெச்பி-எஃப்பிஎம் இயல்பாக அப்பாச்சி என்ற பயனராக ஓடும், என்ஜின்எக்ஸோ என்ஜின்எக்ஸ் என்ற வேறு பயனராக ஓடும். இந்த வேறுபாடு பின்னால் ஒரு 403 (அனுமதி இல்லை) பிழையைக் கொண்டுவந்தது. டைரக்டரிக்கு 755 (உரிமையாளர் எழுதலாம், மற்றவர் படிக்க மட்டும்) போதும். 777 போட்டால் பிழைச்செய்தி மறையும், ஆனால் அந்தச் சர்வரில் ஓடும் எந்த நிரலும் விலையை மாற்றலாம் என்ற நிலை வரும்.

அல்மாவில் உரிமையாளர், அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் "பெர்மிஷன் டினைட்" வந்தால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கைப் பாருங்கள். வார் டபிள்யூடபிள்யூடபிள்யூவின் கீழ் உருவாகும் டைரக்டரிக்கு வலைச்சேவை படிக்கலாம், எழுதக் கூடாது என்ற முத்திரைதான் இயல்பாக விழும். எல்எஸ் கட்டளையோடு பெரிய இசட் சேர்த்தால் முத்திரை தெரியும். செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் கட்டளையால் அந்த டைரக்டரிக்கு ஹெச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டி என்ற வகையைப் பதிந்து, பிறகு ரீஸ்டோர்கான் ஓட்ட வேண்டும். சிஎச்கான் மட்டும் போட்டாலும் அப்போதைக்கு வேலை செய்யும். என்றாவது யாரேனும் ரீஸ்டோர்கான் ஓட்டினால் பழைய முத்திரை திரும்பிவிடும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுங்கள் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். இரண்டு கட்டளையில் முடியும் வேலை இது.

முதல் வடிவம்

திருத்தும் பக்கம் பிரவுசரின் ஃபெட்ச் கட்டளை மூலம் ஜேசனைப் போஸ்ட் செய்யும். பிஹெச்பி பக்கத்தில் போஸ்ட் மாறியைப் பார்த்தால் வெறுமையாக இருக்கும். அந்த மாறி படிவ வடிவில் வரும் தரவுக்கு மட்டுமே நிரம்பும். ஜேசன் உடலை பிஹெச்பி://இன்புட் என்ற ஓடையிலிருந்து படிக்க வேண்டும். முழுக் கோப்பையும் திருப்பி அனுப்பும் வடிவமைப்பாக இருந்தால் என்ஜின்எக்ஸின் இயல்பான உடல் வரம்பு 1 எம்பி என்பதையும் நினைவில் வையுங்கள், தாண்டினால் 413. இங்கே மாறிய சரக்குகளை மட்டும் அனுப்புவதால் அந்த வரம்பின் பக்கமே போகவில்லை.

பிரவுசர் பக்கத்திலும் ஒரு கவனம் வேண்டும். சர்வர் 403, 500 எதைத் திருப்பினாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது. இணைப்பே அறுந்தால்தான் கேட்ச் பகுதிக்குப் போகும். பதிலின் ஓகே பண்பைப் பார்த்த பிறகே "சேமிக்கப்பட்டது" என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் எதுவும் எழுதப்படாத நிலையிலும் கடைக்காரர் பச்சை டிக்கைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

மற்றபடி முதல் வடிவம் எல்லோரும் எழுதுவதுதான்: ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸால் படி, டிகோட் செய், விலையை மாற்று, என்கோட் செய், ஃபைல்_புட்_கன்டென்ட்ஸால் எழுது. ஒருவர் மட்டும் பயன்படுத்தும்வரை இதில் குறை தெரியாது.

பாதிக் கோப்பு

ஃபைல்_புட்_கன்டென்ட்ஸ் கோப்பைத் திறக்கும்போதே அதன் நீளத்தைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் எழுதத் தொடங்கும். அந்த இடைவெளியில் என்ஜின்எக்ஸ் கோப்பைப் படித்தால் வெறும் கோப்போ பாதிக் கோப்போ போகும். வாடிக்கையாளர் பக்கத்தில் ஜேசன் பிழை வந்து பட்டியலே தெரியாது. 20 கேபி கோப்பில் இடைவெளி மிகச் சிறியது என்பதால் சோதனையில் சிக்காது, கூட்டம் இருக்கும் நேரத்தில் சிக்கும். கண்ணால் பார்க்க விரும்பினால் கோப்பை 5 எம்பிக்கு ஊதிவிடுங்கள். ஒரு டெர்மினலில் எழுதும் கோரிக்கைகளைத் தொடர்ந்து அனுப்புங்கள். இன்னொன்றில் கர்லால் எடுத்து ஜேகியூவுக்குக் கொடுக்கும் சுழலை ஓட்டுங்கள். ஜேகியூவின் பார்ஸ் பிழைகள் திரையில் விழத் தொடங்கும்.

லாக்_எக்ஸ் என்ற கொடியைச் சேர்த்தால் சரியாகும் என்பார்கள். சரியாகாது. லினக்ஸில் எஃப்லாக் என்பது கேட்பவரை மட்டும் கட்டுப்படுத்தும் பூட்டு. பூட்டு இருக்கிறதா என்று என்ஜின்எக்ஸ் கேட்பதே இல்லை, ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸும் கேட்பதில்லை. அந்தக் கொடி, எழுதும் இருவர் எழுத்து ஒன்றோடொன்று கலப்பதைத் தடுக்கும், அவ்வளவே.

பழைய முறையில் இதைவிட மோசமான கேடு, டிஸ்க் நிரம்பும்போது வரும். நீளம் பூஜ்யமாகிவிடும், எழுத இடம் இருக்காது, பழைய விலையும் போய்விடும். பதிவுக் கோப்புகள் வளர்ந்து டிஸ்கை அடைப்பது சிறிய சர்வர்களில் அடிக்கடி நடப்பதுதான்.

மாற்று வழி: புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்பில் முழுவதும் எழுதி முடித்து, பிறகு ரீநேம் செய்வது. ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் ரீநேம் என்பது பிளவில்லாத ஒரே செயல். அந்த நொடிக்கு முன் திறந்தவருக்குப் பழைய கோப்பு முழுசாக, பின் திறந்தவருக்குப் புதியது முழுசாக. நடுவில் ஒரு நிலை கிடையாது.

இதைச் செய்யும்போது நான்கு இடங்களில் இடறலாம்.

முதலாவது, தற்காலிகக் கோப்பு இருக்கும் இடம். விலைக் கோப்பு இருக்கும் அதே டைரக்டரியில்தான் அது உருவாக வேண்டும். டிஎம்பி டைரக்டரியில் உருவாக்கினால் அது வேறு ஃபைல்சிஸ்டமாக இருக்கக்கூடும். அப்போது பிஹெச்பியின் ரீநேம் சத்தமில்லாமல் நகலெடுத்துவிட்டு மூலத்தை அழிக்கும். நகலெடுப்பது பிளவில்லாத செயல் அல்ல, பாதிக் கோப்புச் சிக்கல் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். தற்காலிகக் கோப்பை உருவாக்கும் டெம்ப்நேம் என்ற பிஹெச்பி கட்டளைக்குச் சரியான டைரக்டரியைக் கொடுத்தாலும், அங்கே எழுத அனுமதி இல்லையென்றால் அது ஒரு நோட்டீஸ் மட்டும் விட்டுவிட்டு டிஎம்பிக்குப் போய்விடும். எனவே அது திருப்பும் பாதையின் டைரக்டரி நாம் கேட்டதுதானா என்று ஒரு வரியில் சரிபார்த்து, இல்லையென்றால் அங்கேயே நிறுத்துகிறோம். எஸ்இலினக்ஸ் உள்ள சர்வரில் இன்னொரு காரணமும் உண்டு: ரீநேம் செய்த கோப்பு, பிறந்த இடத்து முத்திரையோடே வரும்.

இரண்டாவது, அந்த 403. டெம்ப்நேம் உருவாக்கும் கோப்பின் அனுமதி 0600, உரிமையாளர் மட்டுமே படிக்கலாம். உபுண்டுவில் பிஹெச்பியும் என்ஜின்எக்ஸும் ஒரே பயனர் என்பதால் குறை தெரியாது. அல்மாவில் இருவரும் வேறு வேறு. முதல் முறை விலை மாற்றியதும் பட்டியல் பக்கம் 403 காட்டும். ரீநேமுக்கு முன் சிஎச்மோட் 0644, தீர்ந்தது.

மூன்றாவது, எழுதியதை டிஸ்கில் உறுதியாக இறக்கும் எஃப்சிங்க். எழுதியது கர்னலின் நினைவகத்தில் இருக்கும்போதே ரீநேம் நடந்து, அடுத்த நொடி மின்சாரம் போனால், பெயர் மாறியிருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இஎக்ஸ்டி4 இந்த நிலையைத் தானே கவனித்து ஓரளவு காப்பாற்றும். அல்மாவின் இயல்பான ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ், அதை நம்பி இருக்க வேண்டாம். எஃப்ரைட், எஃப்ஃப்ளஷ், எஃப்சிங்க், எஃப்குளோஸ், பிறகு ரீநேம் என்பதே வரிசை. எஃப்சிங்க் பிஹெச்பி 8.1இல்தான் வந்தது, இந்த வேலைக்கு 8.1 தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். எஃப்ரைட் எத்தனை பைட் எழுதியது என்ற எண்ணை சரத்தின் நீளத்தோடு ஒப்பிடவும் வேண்டும். டிஸ்க் நிரம்பினால் அது குறைவான எண்ணையோ ஃபால்ஸையோ திருப்பும். அப்போது தற்காலிகக் கோப்பை அழித்துவிட்டு 507 (இடம் போதவில்லை) அனுப்பினால் போதும், பழைய விலை அப்படியே இருக்கும்.

நான்காவது, சரிபார்ப்பு. ரீநேமுக்கு முன் தற்காலிகக் கோப்பைத் திரும்பப் படித்து டிகோட் செய்து, சரக்கு எண்ணிக்கை முன்பு இருந்ததில் பாதிக்குக் கீழே போயிருந்தால் மறுத்துவிடுகிறோம். 20 கேபிக்கு இது ஒரு சுமையே இல்லை.

காணாமல் போகும் விலை

ரீநேம் வந்ததும் ஜேகியூ பிழைகள் அடியோடு நின்றுவிட்டன. ஆனால் இரண்டாவது சிக்கல் அப்படியே இருக்கிறது. ஒருவரின் கோரிக்கை கோப்பைப் படிக்கிறது. அது எழுதுவதற்குள் இன்னொருவரின் கோரிக்கையும் அதே பழைய கோப்பைப் படிக்கிறது. முதலாமவர் தக்காளி விலையை எழுதுகிறார். இரண்டாமவர் வெங்காய விலையோடு பழைய தக்காளி விலையையும் சேர்த்து எழுதிவிடுகிறார். இருவருக்கும் 200 பதில் போயிருக்கும். பதிவிலும் பிழை இருக்காது.

இதைச் சோதிக்கும்போது ஒரு மறைவு உண்டு. ஒரே பிரவுசரில் இரண்டு தாவல் திறந்து வேகமாக அழுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். பிஹெச்பியின் இயல்பான செஷன் ஒரு கோப்பில் இருக்கிறது. செஷன்_ஸ்டார்ட் அதைப் பூட்டிவிடுவதால் ஒரே லாகின் கொண்ட கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். இரண்டு தனி லாகின்கள் வந்தால்தான் மோதல் வெளிப்படும். எனவே கர்லில் தனித்தனிக் குக்கியோடு, எக்ஸ்ஆர்க்ஸின் பெரிய பி கொடியில் 20 என்று வைத்து, மொத்தம் 200 கோரிக்கைகள். ஒவ்வொன்றும் கோப்பில் உள்ள ஓர் எண்ணை ஒன்று கூட்ட வேண்டும். பூட்டு இல்லாத நிரலில் அந்த எண் 200ஐ எட்டவே எட்டாது.

பூட்டை விலைக் கோப்பின் மேலேயே போடுவதுதான் முதலில் கைக்கு வரும். ரீநேம் முறையோடு அது ஒத்துவராது. பூட்டு, கோப்பின் பெயரைப் பற்றிக்கொள்வதில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான கோப்புப் பதிவை, அதாவது ஐநோடைப் பற்றுகிறது. ரீநேம் ஆனதும் அந்தப் பெயரில் வேறு ஐநோடு வந்துவிடும். காத்திருந்தவருக்குப் பழைய ஐநோடின் பூட்டு கிடைக்கும், புதிதாக வந்தவருக்குப் புதிய ஐநோடின் பூட்டு கிடைக்கும். இருவரும் தன்னிடம்தான் பூட்டு இருக்கிறது என்று நினைத்து ஒரே நேரத்தில் எழுதுவார்கள். 20 இணைக் கோரிக்கைகளில் இது உடனே தெரிந்துவிடும். எனவே பூட்டுக்கென்றே ஒரு வெறும் கோப்பு. அதை ஒருபோதும் அழிக்கவோ ரீநேம் செய்யவோ கூடாது.

"பூட்டுக் கோப்பு இருந்தால் பூட்டியிருக்கிறது, வேலை முடிந்ததும் அழி" என்ற பழைய வழியும் உண்டு. நடுவில் நிரல் செத்தால் அந்தக் கோப்பு அங்கேயே கிடந்து, யாராவது கையால் அழிக்கும்வரை எல்லாரையும் தடுக்கும். எஃப்லாக்கில் அந்தத் தொல்லை இல்லை. ப்ராசஸ் செத்தால் கர்னலே பூட்டை விடுவித்துவிடும். கில் -9 கொடுத்துப் பார்த்து இதை உறுதி செய்துகொள்ளலாம். மிஞ்சுவது ஓர் அனாதைத் தற்காலிகக் கோப்பு மட்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையவற்றைக் குறித்த நேரத்தில் தானே ஓடும் க்ரான் கூட்டித் தள்ளுகிறது.

பூட்டுக்காக எல்லையில்லாமல் காத்திருக்க விடக் கூடாது. 1 ஜிபி நினைவகத்துக்கு ஏற்ப எஃப்பிஎம்மின் அதிகபட்ச ப்ராசஸ் எண்ணிக்கையை 5 என்று வைத்திருக்கிறோம். பூட்டு வைத்திருப்பவர் எங்காவது மாட்டிக்கொண்டால், அடுத்து வரும் நால்வரும் காத்திருந்தே தளத்தை முடக்கிவிடுவார்கள். காத்திருக்காத வகைப் பூட்டைக் கேட்டு, கிடைக்காவிட்டால் 50 மில்லிநொடி தூங்கி மறுபடி கேட்டு, 2 நொடியில் கிடைக்காவிட்டால் 503 (இப்போது முடியாது) திருப்புவது என்று வைத்தோம். பூட்டுக்குள் செய்ய வேண்டியது படிப்பது, ஒப்பிடுவது, எழுதுவது, ரீநேம், அவ்வளவுதான். விலை மாறியதும் எஸ்எம்எஸ் அனுப்பும் வேலையைப் பூட்டை விட்ட பிறகே செய்ய வேண்டும். வெளிச் சர்வருக்காகக் காத்திருக்கும் நேரம் நம் கையில் இல்லை. படிப்பதும் பூட்டு கிடைத்த பிறகு நடக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். முன்னரே படித்துவிட்டு எழுதும்போது மட்டும் பூட்டும் நிரல்களை நிறையப் பார்க்கலாம். அவற்றில் பூட்டு இருந்தும் பயனில்லை.

பதிப்பு எண், பழைய விலை

பூட்டு காப்பது மில்லிநொடி மோதலைத்தான். திருத்தும் பக்கத்தை 4 மணிக்குத் திறந்தவர் 4.20க்குச் சேமிக்கிறார் என்றால் அவர் பார்த்த விலை 20 நிமிடம் பழையது. பூட்டுக்கு அது தெரியாது.

முதலில் கோப்புக்கு ஒரு பதிப்பு எண் கொடுத்தோம். எழுதும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும். பிரவுசர் தான் படித்த பதிப்பைச் சேர்த்து அனுப்பும். சர்வரில் இருப்பதோடு பொருந்தாவிட்டால் 409 (மோதல்). பாதுகாப்பு என்ற அளவில் இது சரி, பயன்பாட்டில் சரியில்லை. இருவர் ஒரே நேரத்தில் விலை போடும்போது ஒவ்வொரு சேமிப்பும் மற்றவரின் பக்கத்தைச் செல்லாததாக்கிவிடும். கை நிறைய வேலை இருக்கும் நேரத்தில் "பக்கத்தைப் புதுப்பித்து மறுபடி போடுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் யாரும் அந்தப் பக்கத்தைத் தொட மாட்டார்கள்.

இப்போது இருக்கும் வடிவம் சரக்கு அளவிலேயே ஒப்பிடுகிறது. பிரவுசர், மாறிய சரக்குகளை மட்டும் அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் அடையாள எண், திருத்துபவர் பார்த்த பழைய விலை, புதிய விலை. சர்வர் பூட்டைப் பிடித்து, கோப்பில் உள்ள விலையும் அனுப்பிய பழைய விலையும் ஒன்றா என்று பார்க்கும். ஒன்றென்றால் மாற்றும். இல்லையென்றால் அந்தச் சரக்கை மட்டும் விட்டுவிட்டு, "இதற்கிடையில் 38 ஆகிவிட்டது, நீங்கள் போட்டது 42" என்று திருப்பிச் சொல்லும். தக்காளி போடுபவரும் வெங்காயம் போடுபவரும் ஒருவரையொருவர் தொடுவதே இல்லை. பதிப்பு எண்ணைக் கோப்பில் விட்டுவைத்திருக்கிறோம். பழைய பிரதிகளை அடையாளம் காண அது உதவுகிறது.

விலையை முழு எண்ணாகப் பைசாவில் வைத்தது இந்த ஒப்பீட்டுக்குத்தான். 22.50 என்பதும் 22.5 என்பதும் சரமாக ஒப்பிட்டால் வேறு வேறு. 2250 என்றால் சந்தேகமே இல்லை. எல்லை மீறிய விலையையும் சர்வரிலேயே பிடிக்கிறோம்: பூஜ்யத்துக்குக் கீழ் மறுப்பு, பழைய விலையின் மூன்று மடங்குக்கு மேல் போனால் மறுபடி உறுதி கேட்பு. 45க்குப் பதில் 455 விழுவது போன் விசைப்பலகையில் சாதாரணம்.

தமிழ்ப் பெயர்களில் கவனிக்க வேண்டியவை

ஜேசன்_என்கோட், கொடி எதுவும் கொடுக்காவிட்டால் தமிழ் எழுத்துகளை யூனிகோட் எண்களாக மாற்றி எழுதும். தக்காளி என்பதில் 7 குறியீடுகள். யூடிஎஃப்-8இல் 21 பைட், எண்களாக எழுதினால் 42 பைட். கோப்பு வீங்குவதைவிட, டெர்மினலில் திறந்து பார்த்தால் எது எந்தச் சரக்கு என்றே தெரியாது என்பதுதான் பெரிய இடைஞ்சல். ஜேசன்_அன்எஸ்கேப்ட்_யூனிகோட் கொடி இதைத் தீர்க்கும்.

பெயரை 20 பைட்டுக்குள் அடக்க யாராவது சப்ஸ்டிஆர் போட்டிருந்தால், தக்காளியின் கடைசிக் குறியீடு நடுவில் அறுபடும். உடைந்த யூடிஎஃப்-8 கிடைத்ததும் ஜேசன்_என்கோட் பிழைச்செய்தி காட்டாமல் ஃபால்ஸ் திருப்பும். அந்த ஃபால்ஸை ஃபைல்_புட்_கன்டென்ட்ஸுக்குக் கொடுத்தால் அது வெற்றுச் சரமாக எழுதப்படும். ஒரு சரக்கின் பெயரில் ஒரு பைட் குறைந்ததற்கு 140 சரக்கும் போய், 0 பைட் கோப்பு மிஞ்சும். ஜேசன்_த்ரோ_ஆன்_எரர் கொடி பிஹெச்பி 7.3 முதல் இருக்கிறது. என்கோட், டிகோட் இரண்டிலும் அதைப் போடாமல் எழுதவே கூடாது. வெட்டத்தான் வேண்டுமென்றால் இன்டில் நீட்சியில் உள்ள கிராஃபீம்_சப்ஸ்டிஆர் பயன்படுத்துங்கள். எம்பி_சப்ஸ்டிஆர் பைட்டை உடைக்காது, ஆனால் ளி என்பதிலிருந்து இகரக் குறியைப் பிரித்து ள என்று விட்டுவிடும்.

கொத்தமல்லி இரண்டு முறை பட்டியலில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கொ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை, ஒப்பீட்டில் இரண்டும் வேறு. உள்ளே வரும் பெயரை நார்மலைசர் கொண்டு என்எஃப்சி (சேர்ந்த ஒரே குறியீடு) வடிவுக்கு மாற்றிச் சேமிக்கிறோம். அதோடு, சரக்கைத் தேடுவது எப்போதும் அடையாள எண்ணால்தான்.

சரக்கை நீக்கும்போது அன்செட் போட்டால் வரிசை எண்ணில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த வரிசையை ஜேசன்_என்கோட் பட்டியலாக எழுதாது, ஆப்ஜெக்டாக எழுதும். பிரவுசரில் மேப் வேலை செய்யாமல் பக்கம் வெறுமையாகும். நீக்கியபின் அரே_வேல்யூஸ் ஒருமுறை ஓட்டினால் சரி. கையால் திருத்திய கோப்பின் தலையில் சில எடிட்டர்கள் ஒட்டும் 3 பைட் பிஓஎம் அடையாளமும் டிகோடைத் தோற்கடிக்கும். ஆனால் எக்செலுக்கான சிஎஸ்வி ஏற்றுமதியில் அதே 3 பைட்டை நாமே ஒட்டுகிறோம். இல்லாவிட்டால் எக்செலில் இருமுறை தட்டித் திறக்கும்போது தமிழ் சிதைந்து தெரியும்.

எழுதிய பிறகும் பழைய விலை

சர்வரில் கோப்பு மாறியிருக்கிறது, போனில் பழைய விலை. கேஷ் (எடுத்ததைச் சேமித்து வைத்தல்) பற்றி எதுவும் சொல்லாவிட்டால் எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று பிரவுசரே ஊகித்துக்கொள்ளும். விலைக் கோப்பின் லொகேஷனில் கேஷ்-கன்ட்ரோல் தலைப்பாக நோ-கேஷ் போட்டோம். அதன் பொருள் வைக்காதே என்பதல்ல. வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் மாறியதா என்று கேள். மாறவில்லையென்றால் 304 மட்டும் போகும், டேட்டா மிச்சம்.

இங்கே கோப்பு மாறியதா என்று காட்டும் என்ஜின்எக்ஸின் ஈடேக் அடையாளத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அது கோப்பின் மாற்ற நேரம், நொடிக் கணக்கில், அதோடு கோப்பின் நீளம், இரண்டையும் சேர்த்துச் செய்வது. 45ஐ 48 ஆக்கினால் நீளம் மாறாது. ஒரே நொடியில் இரண்டு சேமிப்புகள் நடந்தால், நடுவில் படித்தவருக்கு அடுத்த மாற்றம் வரும்வரை 304 போய்க்கொண்டே இருக்கும், பழைய விலையே தெரியும். இரண்டு பேர் எழுதும் கோப்பில் இது அபூர்வம்தான், ஆனால் நடந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. பூட்டுக்குள், ரீநேமுக்கு முன், தற்காலிகக் கோப்பின் நேரத்தை டச் கொண்டு வைக்கிறோம்: இப்போதைய நேரம், பழைய கோப்பின் நேரத்தோடு ஒரு நொடி கூட்டியது, இந்த இரண்டில் பெரியது எதுவோ அது. என்ஜின்எக்ஸில் ஓப்பன்_ஃபைல்_கேஷ் இயக்கியிருந்தால் அது பழைய ஐநோடையே சிறிது நேரம் பிடித்து வைத்திருக்கும்; இயல்பில் அது அணைந்தே இருக்கிறது, அப்படியே விட்டுவிடுங்கள்.

பிரதிகளும் அடுத்த முறையும்

ஒவ்வொரு ரீநேமுக்கும் முன் பழைய கோப்பைப் பதிப்பு எண்ணோடு பிரதிகள் டைரக்டரிக்கு நகலெடுக்கிறோம். 20 கேபி வீதம் ஒரு நாளைக்கு 100 சேமிப்பு என்று கணக்கிட்டாலும் 2 எம்பி. 30 நாள் பழையவற்றை க்ரான் அழிக்கிறது. ஆக 60 எம்பிக்குள் அடங்கும். அதே டிஸ்கில் இருக்கும் பிரதி காப்பு ஆகாது என்பதால் இரவில் ஒருமுறை ஆர்சிங்க் வேறு கணினிக்கு இழுக்கிறது.

கண்டெய்னரில் ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. விலைக் கோப்பை மட்டும் தனியாக மவுன்ட் செய்தால் ரீநேம் "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" என்று மறுக்கும். மவுன்ட் செய்யப்பட்ட கோப்பின் பெயரை மாற்றி வைக்க முடியாது. டைரக்டரி முழுவதையும் மவுன்ட் செய்ய வேண்டும். இமேஜுக்குள் கோப்பை வைத்தால் அடுத்த முறை கண்டெய்னரைப் புதிதாக எழுப்பும்போது அன்றுவரை போட்ட விலைகள் எல்லாம் போய்விடும்.

அடுத்த முறை இதே வேலை வந்தால், மூலத் தரவை எஸ்கியூலைட் என்ற ஒற்றைக் கோப்பு டேட்டாபேஸில் வைப்போம். பூட்டு, பாதி எழுத்து, எஃப்சிங்க் மூன்றையும் அது பார்த்துக்கொள்ளும். பழைய விலையைச் சரிபார்த்து மாற்றுவது வேர் (WHERE) நிபந்தனையோடு ஒரே அப்டேட் வாக்கியத்தில் முடியும், எத்தனை வரிசை மாறியது என்ற எண் 0 என்றால் மோதல். "போன மாதம் முருங்கை என்ன விலை" என்று யாராவது கேட்டால் பிரதிகளைக் கிளற வேண்டியதில்லை. ஆனால் படிக்கும் பக்கத்துக்கு ஜேசன் கோப்பையே தொடர்ந்து கொடுப்போம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் எஸ்கியூலைட்டிலிருந்து அதை உருவாக்கி, அதே டைரக்டரியில் தற்காலிகக் கோப்பு, 0644, எஃப்சிங்க், டச், ரீநேம் என்ற இதே வரிசையில் இறக்க வேண்டும். இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தால் பழைய ஏற்றுமதி பின்னால் வந்து புதியதை மூடிவிடாதபடி, ஏற்றுமதிக்கு மட்டும் அந்தப் பூட்டுக் கோப்பு அப்போதும் தேவைப்படும்.